மடித்த ஓரம்

கம்பாலாவின் பலாமர ஸ்டாண்டில் பைக் நிறுத்துவதற்கு ஒரு முறை உண்டு. முகப்பு விளக்கு ரோட்டைப் பார்க்க வேண்டும், வால் மரத்தடி மதிலைப் பார்க்க வேண்டும். சவாரி வந்தால் சட்டென்று கிளம்ப வசதி என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்வார்கள். சுத்தப் பொய். நம்பர் பிளேட் யார் கண்ணிலும் படக் கூடாது, அவ்வளவுதான் சங்கதி. அங்கே நிற்கும் ஒன்பது வாடகை பைக்குகளில் எட்டின் பிளேட் சட்டம் சொன்ன இடத்திலும் இல்லை, சட்டம் சொன்ன அளவிலும் இல்லை. மட்கார்டில் இருக்க வேண்டியதைக் கழற்றி, சாமான் கட்டும் கம்பித் தட்டுக்கு அடியில் நிழலாகப் பார்த்துத் திருகியிருந்தார்கள். அதுவும் போதாதென்று வலது ஓரத்தைப் பின்பக்கமாக மடக்கிவிட்டிருந்தார்கள். கடைசி எண்ணும் அதற்கடுத்த எழுத்தும் மடிப்புக்குள் போய்விடும். சந்திப்பில் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் கேமரா எவ்வளவு முழித்துப் பார்த்தாலும் அதற்குக் கிடைப்பது பாதி நம்பர். பாதி நம்பருக்கு யார் பெயரில் அபராதம் எழுதுவது?

மிச்சமிருந்த ஒன்று வலுகெம்பேயின் பைக். அதன் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அகலத்தில், மாப்பிள்ளைப் பல் மாதிரி பளிச்சென்று இருக்கும். தினமும் காலையில் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டுத்தான் மனிதன் முதல் சவாரிக்குப் போவான். ஸ்டாண்டே அவனைக் கேலி செய்யும்.

"என்னடா, கேமராவுக்கு போஸ் குடுக்கக் கிளம்பிட்டியா?"

"அம்மா வச்ச பேரை யாராவது மடிச்சு வச்சுப்பாங்களாடா? இது வண்டிக்கு வச்ச பேர்," என்பான் அவன்.

ஒன்பது பைக்கும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. எல்லாம் ஒரே சிவப்பு. நம்பரும் வரிசையாக, 311 முதல் 319 வரை வந்து சேர்ந்தது. 316 வலுகெம்பேக்கு, 317 செக்கிட்டோவுக்கு. அன்றிலிருந்து ஸ்டாண்டு அவர்களை இரட்டைப் பிள்ளைகள் என்று கூப்பிட ஆரம்பித்தது. கம்பாலாவில் இரட்டையரில் மூத்தவன் வஸ்வா, இளையவன் காத்தோ. பிறந்த வீட்டில் வைத்த பெயர்கள் மறந்து, 316 வஸ்வா ஆனான், 317 காத்தோ ஆனான். விளையாட்டாகத்தான் தொடங்கியது. ஆனால் செக்கிட்டோ காய்ச்சலில் கிடந்தபோது அவன் வாடிக்கைக்காரர்களை ஏற்றி இறக்கி, கிடைத்ததை அப்படியே அவன் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தவன் வஸ்வாதான். கூடப் பிறந்தவன்கூட அவ்வளவு செய்யமாட்டான்.

இப்பேர்ப்பட்டவனுக்குத்தான் செக்கிட்டோ அப்படிச் செய்தான்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சவாரியை இறக்கிவிட்டுச் செக்கிட்டோ காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தான். சந்தை வளைவில், மழைக்குப் பிளாஸ்டிக் பேசினைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் ரோட்டைக் கடந்தாள். பேசின் கண்ணை மறைத்திருக்க வேண்டும், அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனும் பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை. ஹேண்டில்பார் அவள் இடுப்பில் இடித்தது. பேசின் உருண்டு சாக்கடைக்குப் போனது. நூறடி தள்ளி அவன் பிரேக் பிடித்துக் கண்ணாடியில் பார்த்தான். அவள் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. சப்பாத்திக் கடையிலிருந்து நாலைந்து பேர் ஓடி வந்தார்கள்.

"பிடிங்கடா அவனை!"

இடித்துவிட்டு நின்ற பைக்காரனைக் கூட்டம் என்ன செய்யும் என்று அவன் பார்த்திருக்கிறான். கை தானாக ஆக்சிலரேட்டரைத் திருகிவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கை எங்கேயாவது தானாகத் திருகுமா? திருகுவதற்கு முன் அவன் மனசுக்குள் ஒன்று ஓடியது. 'பாதி நம்பர்தானே தெரியும்.' அந்த நினைப்பில் ஒரு நொடி நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் அப்புறம் அவனுக்குத் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

மறுநாள் காலை போலீஸ் அதிகாரி ஆத்திம் ஸ்டாண்டுக்கு வந்தாள். உயரமான பெண், அலட்டல் இல்லாத பேச்சு. 'அஃபாண்டே' என்று எல்லோரும் சேர்ந்தாற்போல எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். பைக்குகள் வழக்கம்போல வாலை மதிலில் ஒட்டிக்கொண்டு நின்றன. துடைப்பதற்காக வெளியே எடுத்திருந்த 316 மட்டும் ரோட்டுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"நேத்து சந்தை வளைவுல தெசிரான்னு ஒரு அம்மாவை ஒருத்தன் இடிச்சிட்டு ஓடிட்டான்," என்றாள் ஆத்திம். "பள்ளிக்கூடத்துல சமையல் பண்றவங்க. இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. இன்னும் சரியா நினைவு வரல. சப்பாத்திக் கடைக்காரர் நம்பரைப் பார்த்திருக்கார். யூ.எஃப்.கே., மூணு, ஒண்ணு. அதுக்கு மேல அவருக்குத் தெரியல. சிவப்பு பைக். அந்த வரிசை முழுக்க இந்த ஸ்டாண்டுதான்."

கையிலிருந்த தாளைப் புரட்டினாள்.

"சந்திப்புக் கேமராவுல அந்த நேரத்துக்கு நம்பர் முழுசாத் தெரியற மாதிரி பதிவான சிவப்பு பைக் ஒண்ணே ஒண்ணு. முந்நூத்திப் பதினாறு. யாரது?"

வலுகெம்பே பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினான். துணி இன்னும் அந்தக் கையில்தான் இருந்தது.

"நான்தான் அஃபாண்டே. அந்த வழியாத்தான் போனேன், இல்லேன்னு சொல்லல. ஆனா யாரையும் இடிக்கல. இடிச்சிருந்தா நின்னிருப்பேன். நான் எப்படிப்பட்டவன்னு இவங்களைக் கேளுங்க."

ஆத்திம் அவர்கள் பக்கம் திரும்பினாள். எட்டுப் பேரும் பலாப் பிஞ்சு எண்ணுகிறவர்கள் மாதிரி மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். 'நல்லவன்' என்றாவது செக்கிட்டோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட வாய் வரவில்லை.

வலுகெம்பே முதலில் சிரித்தான். யாராவது பேசுவார்கள் என்று நினைத்திருப்பான். பேசவில்லை என்றதும் முகம் மெல்ல மாறியது. துணியை மடித்துச் சீட்டின் மேல் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினான்.

"நாளைக்குக் காலையில மத்த எட்டுப் பேரும் வண்டியோட ஸ்டேஷனுக்கு வாங்க. பார்க்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள் ஆத்திம்.

ஜீப் மறைந்ததுதான் தாமதம், ஸ்டாண்டுத் தலைவர் பியெக்வாசோ எல்லோரையும் வெல்டிங் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார். தலைவர் என்றால் பெரிய ஆள் இல்லை, இவர்களைப் போல பைக் ஓட்டுகிறவர்தான், 311 அவருடையது. ஆனால் சட்டம் பேசுவார்.

"கேளுங்கடா. பிளேட்டை மடிச்சதுக்கு மட்டும்னா அபராதத்தோட போயிடும், மிஞ்சினா வண்டியைக் கொஞ்ச நாள் பிடிச்சு வைப்பாங்க. ஆளை இடிச்சிட்டு ஓடினப்போ மடிச்சிருந்ததுன்னா கதையே வேற. தப்பிக்கிறதுக்குன்னு முன்னாடியே ஏற்பாடு பண்ணிக்கிட்டுத்தான் ரோட்டுக்கு வந்தான்னு எழுதுவாங்க. விபத்துங்கிற வார்த்தையே அப்புறம் அதுல இருக்காது. ஜெயில்தான். எவன் செஞ்சான்னு எனக்குத் தெரிய வேண்டாம், எவனும் வாயைத் திறக்கவும் வேண்டாம். பொழுது சாயறதுக்குள்ள எட்டும் நேரா இருக்கணும்."

"அப்போ வஸ்வா?" என்று ஒருவன் கேட்டான்.

"அவன் பிளேட்டும் சுத்தம், மனசும் சுத்தம். விட்டுடுவாங்க," என்றார் தலைவர். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

சுத்தியல் சத்தம் தொடங்கியது. ஒவ்வொரு பிளேட்டாகக் கழற்றி, மடிப்பை நிமிர்த்தி, தட்டி, மட்கார்டில் அதனதன் இடத்தில் திருகினார்கள். மடிப்பு இருந்த கோட்டில் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. வெள்ளை பெயிண்டைத் தொட்டு அதன்மேல் பூசினார்கள். அடேயப்பா, என்ன ஒழுக்கம்! சட்டத்துக்கு இத்தனை வருஷமாகத் தராத மரியாதையை அந்த ஒரு மதியத்தில் கொட்டிக் கொடுத்தார்கள்.

தன் முறைக்குக் காத்து நின்றபோதுதான் செக்கிட்டோவுக்கு அது உறைத்தது. நேரான பிளேட்டாக இருந்தால் சப்பாத்திக் கடைக்காரர் மூன்று எண்ணையும் படித்திருப்பாரே! இரண்டோடு நின்றுவிட்டார் என்றால் மூன்றாவது மடிப்புக்குள் இருந்தது என்றுதானே அர்த்தம்? வலுகெம்பே இடிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். எட்டுப் பேரில் எவன் போய் இந்த ஒரு வார்த்தையைச் சொன்னாலும் அவன் வெளியே வந்துவிடுவான். சொன்னவனைப் பார்த்து 'அப்போ மடிச்சு வச்சிருக்கிறது யாரு?' என்ற அடுத்த கேள்வி வரும். அதற்காகத்தான் எல்லோரும் வாயில் கொழுக்கட்டையோடு நின்றார்கள். வலுகெம்பேயைக் காப்பாற்றக்கூடிய ஒரே அத்தாட்சியை எட்டுப் பேரும் கூடி நின்று தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"காத்தோ, உன்னுதைக் குடு," என்று தலைவர் கையை நீட்டினார்.

கொடுத்தான். பாவி, கொடுத்தான்.

மறுநாள் ஸ்டேஷன் வாசலில் எட்டு பைக்கும் முதுகைக் காட்டி வரிசையாக நின்றன. ஆத்திம் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். 317இன் முன்னால் நின்றாள். அவள் பிளேட்டின் ஓரத்தில் விரலை ஓட்டிவிட்டு, விரல் நுனியில் ஒட்டிய வெள்ளையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டாள்.

"எல்லாம் ஒழுங்கா இருக்கு," என்றாள். "புதுசா ஒழுங்கா இருக்கு."

"சட்டத்துக்குக் கட்டுப்பட்டவங்க அஃபாண்டே நாங்க," என்றார் தலைவர்.

"தெரியுது. எப்போலேர்ந்து?"

அவள் எட்டு முகங்களையும் நிதானமாகப் பார்த்தாள். "உங்கள்ல யாருக்காவது ஏதாவது சொல்லணுமா? நான் காத்திருக்கேன்."

ரோட்டில் லாரி போனது. யாரோ இருமினார்கள்.

"சரி. அப்போ என் கையில இருக்கிறது ஒரு நம்பர்தான். அதை வச்சுக்கிட்டுத்தான் நான் கோர்ட்டுக்குப் போகணும்," என்று உள்ளே போய்விட்டாள்.

ஸ்டாண்டில் ஒருவன் உள்ளே போனால் மற்றவர்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோவது வழக்கம். அடுத்த நாள் செக்கிட்டோவின் முறை. வலுகெம்பேயின் வீட்டுக்குப் போனபோது அவன் மனைவி நபோசா மட்டோக்கே வாழைக்காய் மசியலை வாழையிலையில் பொதிந்துகொண்டிருந்தாள். நிலக்கடலைக் குழம்பு தூக்கில் இருந்தது. அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது.

"நான் எத்தனையோ தடவை சொன்னேன் காத்தோ," என்றாள். "எல்லாரும் மடிச்சு வச்சிருக்காங்களே, நீங்களும் மடிச்சா என்னன்னு. கேட்டாரா? இப்போ பாரு, அந்தப் பிளேட்டே அவரைக் காட்டிக்குடுத்துடுச்சு. நீங்க எல்லாம் பிழைக்கத் தெரிஞ்சவங்க."

குத்திக் காட்டவில்லை, உண்மையாகத்தான் சொன்னாள். குத்திக் காட்டியிருந்தால் அவனுக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும். தூக்கை வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தான்.

ஸ்டேஷன் அறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் வலுகெம்பே தரையில் உட்கார்ந்திருந்தான். இவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாடா காத்தோ! பட்டினி போட்டுடுவியோன்னு பார்த்தேன்." பொதியைப் பிரித்து ஒரு கவளம் வாயில் போட்டான். "அந்த அம்மா எப்படி இருக்காங்க? யாராவது போய்ப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"ஏன்டா? நம்ம வண்டி இல்லேன்னாலும் நம்ம ரோட்டுல நடந்ததுதானே. தலைவரைப் போகச் சொல்லு." இன்னொரு கவளம் போட்டான். "பிளேட்டை எல்லாம் நேராக்கிட்டீங்களாமே? காவல்காரர் சொன்னார். எத்தனை வருஷமா நான் கத்தினேன், கேட்டீங்களா? என்னை உள்ள தள்ளினாத்தான் உங்களுக்குப் புத்தி வருமா?"

சிரித்தான். செக்கிட்டோவும் சிரிக்கப் பார்த்தான். முகம் கோணிக்கொண்டதுதான் மிச்சம்.

வலுகெம்பே கையைத் துடைத்துக்கொண்டு கம்பியருகே நகர்ந்து வந்தான். குரலைத் தணித்தான்.

"ராத்திரி பூரா யோசிச்சேன்டா. அந்தக் கடைக்காரர் ரெண்டு எண்ணுதான் பார்த்திருக்கார். அப்போ அது மடிச்ச பிளேட்டுதான். அஃபாண்டேகிட்ட இதைச் சொன்னா இப்பவே நான் வீட்டுக்குப் போகலாம்."

செக்கிட்டோ நிமிர்ந்தான். "அப்போ... ஏன் சொல்லல?"

"சொல்லக் கூப்பிடத்தான் வாயெடுத்தேன். அப்புறம் உங்க மூஞ்சி எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. ஒருத்தன் செஞ்சதுக்கு எட்டுப் பேரையும் பிடிச்சு உள்ள வைப்பாங்க. எட்டு வீட்டு அடுப்பு அணையும். செஞ்சவன் யாருன்னு தெரிஞ்சா அவன் பேரை மட்டும் சொல்லிடலாம். தெரியாம எப்படிடா எல்லாரையும் மாட்டிவிடறது?" கம்பியைப் பிடித்துக்கொண்டு இவன் கண்ணையே பார்த்தான். "உனக்குத் தெரியுமா காத்தோ?"

அதுவரை செக்கிட்டோ பொய் சொல்லவில்லை. பேசாமல்தான் இருந்தான். பேசாமல் இருப்பது பொய்யாகாது என்று ஒரு சமாதானம் வைத்திருந்தான். இப்போது கேட்டாயிற்று, பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"தெரியாது," என்றான்.

"சரி விடு. உனக்குத் தெரிஞ்சா என்கிட்ட சொல்லாம இருப்பியா?" என்று சொல்லிவிட்டு வலுகெம்பே காலித் தூக்கை நீட்டினான். "நபோசாகிட்ட நல்லா சாப்பிட்டேன்னு சொல்லு."

செக்கிட்டோ வெளியே வந்தான். ஸ்டேஷன் மதிலில் வாலை ஒட்டி நின்றது அவன் பைக். இங்கே வந்தும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறான்! பிளேட் நேராக இருந்தும், மறைக்க எதுவும் இல்லாதபோதும், பழகின கை பழகினபடியே நிறுத்தியிருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. சீ, என்ன பிழைப்பு இது என்று வாய்விட்டே சொன்னான். வாசல் காவல்காரர் திரும்பிப் பார்த்தார்.

பைக்கை இழுத்துத் திருப்பி, பிளேட் வாசலைப் பார்க்க நிறுத்தினான். 317. பெயிண்ட் பூசின கோடு வெயிலில் தனியாகத் தெரிந்தது. எப்படி இருந்ததோ அப்படியே மடித்துக் காட்டினால்தான் நம்புவார்கள் என்று தோன்றியது. இப்போதே செய்ய வேண்டும். வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் மனசு மாறிவிடும், அவன் லட்சணம் அவனுக்குத் தெரியாதா? குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓரத்தைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான். மடித்து, நிமிர்த்தி, தட்டின தகடு. மடங்கவில்லை. பட்டென்று கோட்டோடு உடைந்து கையோடு வந்துவிட்டது.

உள்ளங்கை அகலத் துண்டு. அதில் ஏழும் அதற்கடுத்த எழுத்தும் இருந்தன. பைக்கில் மூன்றும் ஒன்றும் நின்றன, சப்பாத்திக் கடைக்காரர் பார்த்தபடியே.

அதை எடுத்துக்கொண்டு நேராக ஆத்திமின் மேஜைக்குப் போனான். துண்டை அவள் முன்னால் வைத்தான்.

"அஃபாண்டே, உங்ககிட்ட இருக்கிறது மூணு, ஒண்ணு. அதுக்கு மேல இது."

அவள் துண்டைப் புரட்டிப் பார்த்தாள். உடைந்த விளிம்பில் புதிதாகப் பூசிய வெள்ளை பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"நீதான் இடிச்சியா?"

"நான்தான். அவங்க எழுந்திருக்க முடியாம கிடந்ததைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் ஓடினேன்."

"இப்படி மடிச்சு வச்சுக்கிட்டு ஓடினதுக்குச் சட்டம் என்ன பேர் வைக்கும், தெரியுமா?"

"தலைவர் சொன்னார்."

"அன்னிக்கு ஒரு நிமிஷம் நின்னிருந்தா இது வெறும் விபத்துடா. உன் நம்பர் முழுசா இருந்து, நீயும் நின்னிருந்தா..." அவள் முடிக்காமல் பெருமூச்சு விட்டாள். "மத்த ஏழு பேர்?"

"அதை அவங்கதான் சொல்லணும் அஃபாண்டே. நான் என்னுதைச் சொல்லிட்டேன்."

அவள் பூட்டைத் திறக்கச் சொல்லிக் குரல் கொடுத்தாள். வலுகெம்பே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தான். விடுகிறார்கள் என்ற சந்தோஷம் முகத்தில் அப்படியே இருந்தது. செக்கிட்டோவைப் பார்த்ததும், "பார்த்தியா, விட்டுட்டாங்க!" என்று தொடங்கினான். அதற்குள் மேஜை மேலிருந்த தகட்டுத் துண்டு கண்ணில் பட்டது. ஏழு. தன் எண்ணுக்கு அடுத்த எண் அவனுக்குத் தெரியாதா?

அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

"உன்கிட்ட என்ன கேட்டேன்?" என்றான் கடைசியில்.

"தெரியுமான்னு கேட்டே."

"நீ என்ன சொன்னே?"

செக்கிட்டோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்குக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டான். மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தான். அந்த வார்த்தையைக் கேட்பதுகூட இன்னொரு உதவி கேட்பது மாதிரி இருந்தது. வேறு வழியில்லாமல் தலையைக் குனிந்துகொண்டு திறந்திருந்த கம்பிக் கதவுக்குள் போனான். வலுகெம்பே உட்கார்ந்திருந்த இடத்தில் தரை இன்னும் சூடாக இருந்தது.

வலுகெம்பே தன் சாவியை வாங்கிக்கொண்டான், கையெழுத்துப் போட்டான். வாசலுக்குப் போனவன் அங்கேயே நின்றான். திரும்பவில்லை.

"நாளைக்குச் சாப்பாடு என் முறை," என்றான். "நபோசா சமைச்சுக் குடுத்தா கொண்டுவர்றேன்."